நாயைப் பழக்குதல்: உரும்பிராய்ச் சூழலை முன்வைத்துச் சில குறிப்புகள்

நாயைப் பழக்கும் முறைகள் பற்றித் தமிழில் வெளிவரும் எழுத்துகள் பெரும்பாலும் மரபுமுறையைக் கொடுமையானதாகவும் நவீனமுறையைக் கருணைமிக்கதாகவும் காட்டி அமைவன. இப்பாகுபாடு வரலாற்றுணர்வற்றது என்பதே நமது கருத்து. ஒரு விலங்கை மனிதன் எவ்வாறு பழக்குகிறான் என்பது, அவ்விலங்கினிடம் அவன் எத்தகைய உழைப்பை வேண்டுகிறான் என்பதாலும், தன் சமூகத்திலே பணிவு என்பதை எவ்வாறு விளங்கிக்கொண்டுள்ளான் என்பதாலும் பெரிதும் நிர்ணயிக்கப்படுகின்றது. வலிகாமத்தின் கிழக்குப் பகுதியிலுள்ள உரும்பிராய் போன்ற தோட்டச் செய்கைக் கிராமமொன்றை மனத்திற்கொண்டு இதனை நோக்குவது பயன்தரும்.

சொல்லிலிருந்து தொடங்கலாம். 'பழகு' தன்வினை, 'பழக்கு' அதன் பிறவினை. முன்னையதில் இரு உயிர்கள் ஒன்றையொன்று அறிந்துகொள்கின்றன. பின்னையதில் ஒன்று செய்விக்க மற்றையது செய்கின்றது. நாயைப் பொறுத்தவரை நம் பழைய நூல்கள் முன்னையதையே அதிகம் அறிந்திருந்தன எனத் தோன்றுகின்றது. தொல்காப்பிய மரபியல் நாயின் இளமைப் பெயரையும் பெண்மைப் பெயரையும் பன்றி முதலியவற்றோடு சேர்த்து வகுத்துச் செல்கின்றது. சங்கப் பாடல்களில் ஞமலி எனவும் ஞாளி எனவும் சுட்டப்படும் நாய் வேட்டுவரின் துணையாக அடிக்கடி வருகின்றது. அதனைப் பழக்கிய விதம் பற்றிய விவரணை அங்கு அரிது. யானையின் நிலை வேறு. பாசறையிலே, கல்வியறியாத இளைஞர் கவைத்த முட்கோலைக் கையிற்கொண்டு, வடமொழிக் கட்டளைகளைப் பயிற்றி, யானைக்குக் கவளம் ஊட்டும் காட்சியை முல்லைப்பாட்டு தருகின்றது. தண்டனைக் கருவி, உணவு, ஏவுபவனுக்கே சொந்தமல்லாத ஏவல் மொழி ஆகிய மூன்றும் அங்கு ஒருங்கே இருப்பது மனங்கொளத்தக்கது.

நாலடியார் இவ்விரு விலங்குகளையும் ஒப்பிட்டு, தன் மேனியில் வேலெறிந்தவனைக் கண்டும் வாலாட்டுகின்ற நாயைப் போன்றவரின் நட்பே கொள்ளத்தக்கது என்கின்றது. அடிபட்டும் அன்பு மாறாமை நட்பின் இலக்கணமாகும் இடத்தில், அடித்தவனைப் பற்றிய கேள்வி எழுவதில்லை. திருவாசகத்திலே மாணிக்கவாசகர் தம்மை மீண்டும் மீண்டும் நாயாகத் தாழ்த்திக் கூறுவது பக்தியுணர்வின் உச்சம் என்பது மெய். ஆண்டான்-அடிமை உறவே அவ்வுணர்வுக்கு மொழி வழங்கிற்று என்பதும் மெய். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் அடிமைகள் பற்றிய விதிகள் இடம்பெற்றமையையும், இலங்கையில் அடிமைமுறை 1844இலேயே சட்டப்படி முற்றாக ஒழிக்கப்பட்டமையையும் நினைவிற்கொண்டால், யாழ்ப்பாணத்திலே இவ்வுருவகம் வெறும் உருவகமாக மட்டும் ஒலித்திருக்க முடியாது என்பது புலனாகும்.

இனிக் கிராமத்துக்கு வருவோம். உரும்பிராய் செம்மண் பூமி. கிணற்று நீரை இறைத்துப் புகையிலை, வெங்காயம், வாழை, மரக்கறி பயிரிட்டு வாழ்ந்த இத்தகைய ஊர்களில் நாயின் தொழில் இரண்டு: இரவிலே வளவைக் காத்தல், விளைச்சற் காலத்தில் தோட்டத்தைக் காத்தல். இவற்றுக்கெனத் தனிப் பயிற்சி எதுவும் அளிக்கப்பட்டதில்லை. கிடுகுவேலியின் பொட்டுகளினூடாக அயல் வளவுகளுக்கும் போய்வந்து, ஆடு கோழிகளோடும் சிறுவரோடும் வளர்ந்த குட்டி, மூத்த நாய் குரைத்தபோது தானும் குரைக்கப் பழகியது. வன்னியின் வேட்டை நாயும் இவ்வாறே முதிர்ந்த நாயொன்றின் பின்னே போய்ப் போய்த் தொழில் கற்றது. நாயின் உரிமையாளர் குடும்பத் தலைவர் எனப்பட்டாலும், மிஞ்சிய சோற்றைச் சட்டியில் இட்டவர்கள் பெண்களே. தேங்காய் துருவும் ஓசை கேட்டவுடன் குசினி வாசலில் வந்து நிற்கும் நாயைப் பழக்கியவர் யார் என்று எவரும் கேட்டதில்லை; கூலியில்லா வீட்டு வேலைகள் பலவற்றைப் போலவே இதுவும் வேலையாக எண்ணப்படவில்லை.

இம்முறையின் கொடிய பக்கமும் உண்டு. குட்டியைப் பிடரியிலே தூக்கிப் பார்த்து, கத்தாதது 'வீரமானது' எனத் தெரிந்தெடுப்பது, பகல் முழுதும் சங்கிலியிற் கட்டி இரவில் அவிழ்த்துவிட்டால் மூர்க்கம் கூடும் என நம்புவது ஆகியன பலரும் அறிந்தவை. கட்டிவைத்த நாய்க்கு மூர்க்கம் கூடுவது உண்மையே. ஆனால் அது காவலறிவு அன்று. விலக வழியில்லாத உயிரின் அச்சம். வைரவரின் வாகனம் நாய். சூலமொன்றை நட்டு வைரவரை வழிபடாத குறிச்சி யாழ்ப்பாணத்தில் அரிது. எனினும் அவ்வாகனத்தின் மீது விழும் கல்லெறி குறைந்ததாகத் தெரியவில்லை.

இவை எல்லாவற்றினும் முக்கியமான விடயம் ஒன்றுண்டு. நாய் யாரைப் பார்த்துக் குரைத்தது? சாதியமைப்பு இறுக்கமாக இருந்த கிராமத்திலே சிலர் விறாந்தை வரை வந்தனர். சிலர் முற்றத்தோடு நின்றனர். சிலர் படலைக்கு வெளியே நின்று குரல் கொடுத்தனர். நாய்க்குச் சாதி தெரியாது. ஆயின் படலையில் ஒருவர் நிற்கும்போது வீட்டாரின் குரலில் ஏறும் கடுமையும், அந்த மனிதரின் நடையில் உள்ள தயக்கமும் அதற்குத் தெரியும். அவ்வேளை அது குரைத்தபோது எவரும் அடக்கவில்லை. விறாந்தைக்கு வருபவரைக் குரைத்தபோது அதட்டினர். சில மாதங்களில் நாய் கற்றுக்கொண்டுவிடும். அதனைக் கண்டு, 'நாய்க்கும் ஆளைத் தெரியும்' என்று வீட்டார் கூறுவர். தாமே ஊட்டியதை இயற்கையின் சாட்சியமாகக் காணும் இச்செயல், கருத்துநிலை எவ்வாறு இயங்குகின்றது என்பதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு. வீட்டு நாய் தடையின்றிச் சென்ற இடங்களுக்கு மனிதர் செல்லமுடியாதிருந்த நிலைக்கு எதிராகவே 1966 ஒக்ரோபர் முதல் யாழ்ப்பாணத்தில் தீண்டாமை எதிர்ப்புப் போராட்டங்கள் எழுந்தன. மகாராட்டிரத்தின் மகத் நகரிலே, விலங்குகள் நீரருந்திய குளத்தில் தாமும் நீரருந்தும் உரிமைக்காக அம்பேத்கர் தலைமையில் மக்கள் சென்றது 1927இல். ஊர் நாய்க்கு ஆங்கிலேயர் இட்ட பெயரே தமிழ்நாட்டுச் சாதியொன்றின் பெயராக இருந்தமையையும் இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும்.

'நவீனமுறை' இங்கு வந்த வழி வேறு. 1899இல் ஜேர்மனியில் ஸ்ரெபானிற்ஸ் என்பவர் இனத்தரம் வகுத்த மேய்ச்சல் நாய், மந்தை வளர்ப்புச் சுருங்கியதால் வேலை இழந்து பொலிஸ் நாயாகவும் இராணுவ நாயாகவும் ஆயிற்று. முதலாம் உலகப்போரின் பின்னர், ஜேர்மன் என்ற பெயரையே வெறுத்த பிரித்தானியர் அதனை அல்சேஷன் என அழைத்தனர். அப்பெயருடனேயே அது யாழ்ப்பாணத்து மத்தியதர வீடுகளை அடைந்தது. 1910இல் கொன்ராட் மோஸ்ற் என்ற பொலிஸ் அதிகாரி எழுதிய பயிற்சி நூல் கழுத்துப்பட்டியின் இழுப்பையும் நிர்ப்பந்தத்தையும் ஒழுங்குபடுத்திய நூல். ஆகவே வன்முறையும் நவீனமாகவே வந்தது. முறைப்படுத்தப்பட்டு வந்தது என்பதே வேறுபாடு. கூடவே 'சிற்', 'கம்', 'கோ' என்ற கட்டளைகளும், ஜிம்மி, ரொமி, ரைகர் என்ற பெயர்களும் வந்தன. வீட்டில் ஆங்கிலம் பேசாத பெரியவர் நாயோடு மட்டும் ஆங்கிலம் பேசுவதை நாம் நகைப்புக்குரியதாகக் கொள்வதுண்டு. முல்லைப்பாட்டின் இளைஞரை அறிந்தோர் அவ்வளவு நகைக்கமாட்டார்கள்.

விஞ்ஞான அடிப்படையை நோக்கும்போது பவ்லோவிலிருந்து தொடங்குதல் வழக்கம். செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற அவர், உணவோடு திரும்பத்திரும்ப இணைக்கப்பட்ட தாளமானியின் ஓசை மட்டுமே நாய்க்கு உமிழ்நீரைச் சுரப்பிக்கும் எனக் காட்டினார். 1921 ஜனவரியில், பஞ்சமும் பட்டினியும் சூழ்ந்த நிலையிலும், அவரது ஆய்வுகூடத்துக்கு வேண்டியதைச் செய்யும்படி லெனின் ஆணை பிறப்பித்தமை பலரறிந்த செய்தி. எனினும் பவ்லோவின் நாய் எதையும் செய்யவில்லை. அதற்கு நிகழ்ந்தது மாத்திரமே. விலங்கு தானே செய்யும் செயலின் விளைவு அச்செயலை வளர்க்கின்றது அல்லது தேய்க்கின்றது என்பதை 1898இல் தோண்டைக்கும், பின்னர் ஸ்கின்னரும் விளக்கினர். இக்காலப் பயிற்சியின் அச்சாணி இதுவே: விரும்பிய செயல் நிகழ்ந்த கணத்திலேயே பரிசு கிடைக்கவேண்டும். சில நொடிகள் பிந்தினால், நாய் அதற்குள் செய்த வேறொரு செயலே வலுப்பெறும். உணவைக் கையிலெடுக்கும் தாமதத்தை ஈடுசெய்ய, ஒரு சிறு ஓசையை முதலில் உணவோடு இணைத்துவிட்டு, பின் அவ்வோசையால் சரியான கணத்தைச் சுட்டுவர். இதற்கெனச் சொடுக்குக் கருவி விற்கப்படுகின்றது. நாக்கை அண்ணத்தில் தட்டி எழுப்பும் ஓசையே போதும். செயல் படிந்தபின் பரிசை ஒவ்வொரு முறையும் கொடாது இடையிட்டுக் கொடுத்தால் அது நிலைக்கும்.

தண்டனை ஏன் பயனற்றது என்பதும் இங்கேயே விளங்கும். கூப்பிட்டு உடனே வராத நாய் ஈற்றில் வந்து சேர்ந்ததும் அடிக்கப்படுகின்றது. வீட்டுக்காரர் தண்டிப்பது தாமதத்தை. நாய் கற்பதோ வருதலுக்குக் கிடைத்த விளைவை. அடுத்தமுறை அது இன்னும் தூரத்திலே நிற்கும்.

ஆயினும் ஸ்கின்னரின் கோட்பாட்டை முழுமையாக ஏற்பதற்கில்லை. அவருடைய மாணவர்களான பிறீலண்ட் தம்பதியினரே, பயிற்றப்பட்ட விலங்குகள் தம் இயல்பூக்கங்களுக்குத் திரும்புவதை 1961இல் எடுத்துக்காட்டினர். தூண்டி, துலங்கல் என்ற இரண்டுக்குள் உயிரை அடக்க முடியாது. இவ்வகையில் எங்கெல்ஸ், மனிதக் குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பின் பங்கு பற்றி 1876இல் எழுதிய கட்டுரையில், மனிதரோடு வாழ்ந்த நாயும் குதிரையும் தம் எண்ண வட்டத்துக்கு எட்டியவரை எந்த மொழியையும் விளங்கிக்கொள்ளும் செவியை வளர்த்துக்கொண்டன எனக் கூறியது, நடத்தைவாதிகளின் சூத்திரங்களிலும் உயிர்ப்புள்ளது.

'நாய்க்கு நீயே தலைவன் எனக் காட்டு' என்ற போதனையையும் இங்கு மறுத்தாகவேண்டும். இது அடைத்துவைக்கப்பட்ட ஓநாய்களைக் கண்டு 1947இல் ஷெங்கெல் எழுதியவற்றிலிருந்து பரவியது. 1970இல் தமது நூல்மூலம் இக்கருத்தைப் பரப்பியோருள் ஒருவரான டேவிட் மெக், காட்டிலுள்ள ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் பெற்றோரும் பிள்ளைகளும் கொண்ட குடும்பமே என 1999இல் எழுதினார். டார்வின் விலங்குகளிடையே தமது ஆங்கிலச் சமூகத்தையே காண்கிறார் என மார்க்ஸ் 1862இல் எங்கெல்சுக்கு எழுதியது, டார்வினைவிட இத்'தலைமை'க் கோட்பாட்டாளருக்கே அதிகம் பொருந்தும்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் பெயர்ந்தபோது நாய்கள் பெரும்பாலும் வளவுகளிலேயே விடப்பட்டன. பின்னர் வந்தது வேறொரு யாழ்ப்பாணம். வெளிநாட்டுப் பணத்தில் கிடுகுவேலிகள் மதில்களாயின. பிள்ளைகள் புலம்பெயர்ந்த வீடுகளில் முதியோருக்குத் துணையாக உயர்சாதி நாய்கள் வாங்கப்படுகின்றன. ('உயர்சாதி' என்ற சொல் விளம்பரங்களில் கூச்சமின்றி வழங்குவதையும் குறிப்பிடலாம்.) மூன்றாம் கிழமை முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் கிழமை வரையில் குட்டி காண்பவற்றையே அது பின்னர் அச்சமின்றி ஏற்கும் என ஸ்கொற், புல்லர் ஆகியோரின் 1965ஆம் ஆண்டு நூல் காட்டுகின்றது. வேலிப்பொட்டு அளித்த அவ்வனுபவத்தை மதில் அளிப்பதில்லை. எனவே மதிலுக்குள் வளரும் குட்டியைத் தடுப்பூசி ஒழுங்கைப் பேணியவாறே பலதரப்பட்ட மனிதரிடம், குறிப்பாகச் சிறுவரிடமும் வேலைக்கு வருவோரிடமும், அமைதியான சூழலில் அறிமுகப்படுத்துதல் அவசியம்.

2002இன் போர்நிறுத்தத்துக்குப் பின் குடாநாட்டில் கண்ணிவெடி அகற்றும் பணியில் மோப்ப நாய்களும் ஈடுபடுத்தப்பட்டன. வெடிமருந்தின் மணத்தை உணர்ந்ததும் அவ்விடத்தில் அசையாது அமர்வதே அவற்றின் வேலை. கூலி ஒரு பந்து, அல்லது ஒருவாய் உணவு. அடிக்குப் பயந்து அமரும் நாயை நம்பி அந்நிலத்தில் எவரும் கால்வைக்கமாட்டார்.

கட்டளைச் சொற்கள் பற்றியும் ஒன்று கூறவேண்டும். வா, இரு, நில், விடு என்பன ஓரசை, ஈரசைச் சொற்கள், தெளிவாகப் பிரித்தொலிப்பவை. ஆங்கிலத்திலே நாய்க்குத் தனித் தகுதி எதுவுமில்லை. ஆயின் தாய் 'இரு' எனவும் மகன் 'குந்து' எனவும் கூறும் வீட்டில் நாய் தடுமாறும். எச்சொல் என்பதை வீட்டார் எல்லோரும், சோறு வைப்பவரையும் சேர்த்து, முதலிலே பேசித் தீர்த்துக்கொள்ளவேண்டும்.