பொம்மை செய்யும் கையின் வயது

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அச்சிலிருந்து எடுத்த பொம்மை உடனே சூளைக்குப் போவதில்லை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில், பொம்மையின் உடம்பில் மெல்லிய கோடு ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். மண் முழுதாகக் காய்வதற்குள் அந்தப் பிசிறைச் சீவி எடுக்க வேண்டும். சிறு கத்தியைக் கட்டைவிரல் நுனிக்கும் சுட்டுவிரல் நுனிக்கும் நடுவே பிடித்து, காதோரமும் கழுத்தோரமும் வழித்து, ஈரப் பஞ்சால் துடைப்பார்கள். அழுத்தம் கூடினால் பொம்மை நசுங்கும். குறைந்தால் பிசிறு போகாது. அந்த அளவு தெரிந்த கைதான் தொழில் தெரிந்த கை.

இவ்வளவு நுட்பமாகப் பிடிக்கும் கை சிம்பன்சிக்குக் கிடையாது. அதன் விரல்கள் கிளையைப் பற்றித் தொங்குவதற்கேற்ப நீண்டவை, கட்டைவிரல் குட்டை. நம் கட்டைவிரல் நீளமானது. அதன் நுனியைத் தனியே மடக்குவதற்கென்றே முன்கையில் ஒரு தசையும் உண்டு. சிம்பன்சி நம் மூதாதை அல்ல. ஏறக்குறைய 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பாகம் பிரிந்துபோன பங்காளி. பிரிந்தபின் நம் கிளையில் முதலில் மாறியது மூளை அல்ல, நடை. எத்தியோப்பியாவில் 1974-ல் எலும்புக்கூடாகக் கிடைத்த 'லூசி' 32 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே இரண்டு காலில் நடந்தவள். அவள் இனத்தின் மூளையோ நம்முடையதில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. கால்கள் நடையை ஏற்றுக்கொண்டதும் கைகள் வேறு வேலைக்கு விடுபட்டன.

அந்தக் கை எப்போது நம் கையானது? கென்யாவில் துர்கானா ஏரிக்கு மேற்கே, கைட்டியோ என்ற இடத்தில் கிடைத்த ஒரு சிறு எலும்பு இதற்கு விடை சொல்கிறது. உள்ளங்கையில் நடுவிரலுக்குக் கீழே இருக்கும் எலும்பு அது. வயது 14 லட்சத்து 20 ஆயிரம் ஆண்டு. அதன் அடியில் ஒரு சிறு முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. கல்லை இறுகப் பிடித்து ஓங்கி அடிக்கும்போது, உள்ளங்கை மணிக்கட்டிலிருந்து நழுவாதபடி அந்த முனை தாழ்ப்பாள் போல மாட்டிக்கொள்ளும். நம் கையில் அது இருக்கிறது. சிம்பன்சியின் கையில் இல்லை. லூசியின் இனத்திலும் இல்லை.

கிட்டத்தட்ட அதே காலத்தில் தமிழ் மண்ணிலும் கைகள் வேலை செய்துகொண்டிருந்தன. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று சென்னை பல்லாவரத்தில் ஒரு கற்கருவியை அடையாளம் கண்டார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அன்று தொடங்கியது. அதே ஆண்டு அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தார்கள். திருவள்ளூர் மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் 1999 முதல் அகழாய்வு நடத்தினார்கள். அங்குள்ள அடுக்கடுக்கான களிமண், டைனோசர்கள் வாழ்ந்த காலத்தது என்று முன்பு கருதப்பட்டது. தோண்டியபோது அந்தக் களிமண்ணுக்குள்ளேயே கைக்கோடரிகள் இருந்தன.

அவற்றின் வயதை அறிந்த விதம் அழகானது. வெட்டவெளியில் கிடக்கும் கல்மீது விண்ணிலிருந்து வரும் கதிர்கள் விழுந்தபடி இருக்கும். கல்லிலுள்ள குவார்ட்ஸில் அவை பெரிலியம்-10, அலுமினியம்-26 என்ற இரு கதிரியக்க அணுக்களை உண்டாக்கும். கல் மண்ணுக்குள் ஆழப் புதைந்தால் இந்த வரவு நின்றுபோகும். இருப்பு மட்டும் கரையும். அலுமினியம் ஏறக்குறைய 7 லட்சம் ஆண்டில் பாதியாகும். பெரிலியத்துக்கு அதைப்போல் இரு மடங்கு காலம் வேண்டும். இரண்டில் எது எவ்வளவு மிச்சம் என்று அளந்தால் கல் புதைந்து எத்தனை காலம் என்பது தெரிந்துவிடும். அத்திரம்பாக்கத்தின் கணக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு. 2011-ல் 'சயின்ஸ்' இதழ் இதை வெளியிட்டது.

கருவி செய்தவர்களின் எலும்பு அங்கே கிடைக்கவில்லை. இந்தியா முழுக்கவே நிலைமை இதுதான். 1982-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹத்னோராவில், நர்மதைக் கரையில் அருண் சோனாகியா கண்டெடுத்த மண்டையோட்டுப் பகுதிதான் பெரிதாகப் பேசப்படுவது. நமக்குப் பக்கத்தில், புதுச்சேரியை ஒட்டிய பொம்மையார்பாளையத்தின் ஓடை என்ற இடத்தில், செம்பாறைக்குள் ஒரு குழந்தையின் மண்டையோட்டைக் கண்டதாகவும் அதன் வயது 1,66,000 ஆண்டு என்றும் ப. ராஜேந்திரன் அறிவித்தார். அறிஞர்களிடையே அதில் ஒருமித்த கருத்து இல்லை. மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் அமிலத்தன்மையுள்ள செம்மண்ணில் எலும்பு கரைந்துவிடும். குவார்ட்சைட் கல் கரையாது. ஆகவே மனிதப் பரிணாமத்தின் தமிழ்நாட்டு அத்தியாயத்தைக் கைவேலையைக் கொண்டுதான் படித்தாக வேண்டும்.

அப்படிப் படித்தால் மூளையின் வளர்ச்சியும் தெரிகிறது. பழைய கைக்கோடரி, கல்லைச் சுற்றிலும் செதுக்கி உருவம் கொண்டுவருவது. அத்திரம்பாக்கத்தின் மேல் அடுக்குகளில் செய்முறையே மாறுகிறது. முதலில் தாய்க்கல்லின் மேற்பரப்பைப் பல அடிகளால் பக்குவப்படுத்தி, கடைசியாக ஒரே அடியில், முன்பே மனத்தில் வரைந்துகொண்ட வடிவத்தில் ஒரு சில்லைப் பெயர்த்தெடுக்கிறார்கள். கடைசி அடியை முதல் அடிக்கு முன்பே நினைத்துப் பார்த்தவரால்தான் இது முடியும். இந்த முறை அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018-ல் 'நேச்சர்' இதழில் அதே குழு எழுதியது. ஆப்பிரிக்காவிலிருந்து நம் இனம் வந்த பிறகே, ஏறக்குறைய 1,25,000 ஆண்டுகளுக்கு முன், இந்தியா இதைக் கற்றது என்ற கருத்து அதனால் ஆட்டம் கண்டது.

நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸின் மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத் குகையில் கிடைத்தவை. முகம் நம் முகம். மண்டை மட்டும் இன்னும் உருண்டையாகாமல் நீண்டு தாழ்ந்திருக்கிறது. வயது ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டு. அந்த வயதைச் சொன்னது அவர்கள் மூட்டிய தீ. மண்ணின் இயற்கைக் கதிரியக்கம் கல்லின் படிகங்களில் ஆற்றலைச் சேர்த்துவைக்கும். தீயில் விழுந்த கல்லில் அந்தச் சேமிப்பு பூஜ்யமாகி, மறுபடி முதலிலிருந்து சேரத் தொடங்கும். ஆய்வகத்தில் மீண்டும் சூடாக்கினால் சேர்ந்தது ஒளியாக வெளிவரும். ஒளியை அளந்தால் தீயின் காலம் கிடைக்கும். சுட்ட பானை ஓட்டுக்கும் இதே முறை பொருந்தும்.

மண்ணைச் சுடும் வித்தை மிகப் பின்னால் வந்தது. வந்ததும் முதலில் செய்தது பொம்மைதான். செக் நாட்டின் தோல்னி வெஸ்டோனிட்சேயில் 1925-ல் கிடைத்த சுட்ட களிமண் பெண்ணுருவம் கிட்டத்தட்ட 30,000 ஆண்டு பழையது. உயரம் சுமார் 11 சென்டிமீட்டர். அதன் மேல் ஒரு சிறுவரின் விரல்ரேகை பதிந்திருக்கிறது. விலங்கு உருவங்களும் அங்கே ஏராளம். ஆனால் உலகின் மிகப் பழைய பானை ஓடு சீனாவின் சியான்ரென் குகையில் கிடைத்தது. அது 20,000 ஆண்டுக்கு முந்தையதுதான். சோறு வைக்கப் பானை செய்யும் முன்னரே மனிதர் உருவம் செய்து சுட்டிருக்கிறார்கள். அழகுக்கும் நம்பிக்கைக்கும் கை உழைத்தது தேவைகளெல்லாம் தீர்ந்த பிறகு அல்ல. கொலு பொம்மையும் கார்த்திகை அகலும் செய்கிற விருத்தாசலத்துக்கு இதைவிடப் பெருமை வேறு வேண்டுமா?

பெருமையோடு பொறுப்பும் உண்டு. மேலே சொன்ன ஒவ்வொரு வயதும், பொருள் தான் புதைந்த அடுக்கிலேயே இருந்ததால் கிடைத்தது. கைக்கோடரியை எடுத்து வீட்டு அலமாரியில் வைத்தால் கல் இருக்கும், காலம் போய்விடும். சரளைக்காகவும் செம்மண்ணுக்காகவும் பொக்லைன் வைத்து அள்ளும் மேடுகளில் லட்சக்கணக்கான ஆண்டுகள் ஒரே நாளில் லாரி ஏறுகின்றன. தோண்ட அனுமதி தரும் முன் தொல்லியலாளர் ஒருவர் அந்த மேட்டைப் பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். ஃபூட் திரட்டியவை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பூண்டியில் தொல்பழங்காலத்துக்கென்றே அகழ்வைப்பகம் இருக்கிறது. பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகலாம். விருத்தாசலத்தில் செராமிக் படிக்கும் மாணவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. களிமண், குவார்ட்ஸ், சூளைச் சூடு ஆகிய அவர்களின் பாடங்களேதான் காலக்கணிப்பின் அடிப்படையும். அந்தப் படிப்பில் தொல்லியலுக்கும் ஒரு தாள் ஒதுக்கினால், தமிழ்நாட்டு மண் சொல்லும் வயதை அளக்கத் தெரிந்தவர்கள் தொழில் தெரிந்த ஊரிலிருந்தே வருவார்கள்.