பாலிடெக்னிக் என்றால் இளப்பமா?

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கிருத்திகை நாள். ஆர்.கே.புரம் மலை மந்திரில் பிரசாத வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற விழுப்புரத்துக்காரர் ஒருவர், டிரைவர் வேலை பார்ப்பவர், தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், பையன் பத்தாவதுல 58 பர்சென்ட்தான். பாலிடெக்னிக்ல சேரட்டுமான்னு கேக்கறான்."

"அதெல்லாம் படிப்பு வராதவங்களுக்கு. பிளஸ் டூ முடிச்சு ஒரு டிகிரி வாங்கச் சொல்லுங்க" என்றேன். வீட்டில் மிக்ஸி, டேபிள் ஃபேன் எது கெட்டாலும் பிரித்துப் பூட்டுகிற பையன் அவன் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அஞ்சல் வழியில் பி.ஏ. சேர்ந்தான், பாதியில் விட்டான். இன்று ஒரு கிடங்கில் பொட்டலம் கட்டுகிறான். அந்த வேலையும் கௌரவமானதுதான். ஆனால் அவன் கைக்கு வேறு வேலை தெரிந்திருக்கும். அந்தக் கடனைத் தீர்க்கவே இந்தக் கட்டுரை.

நான் இளப்பமாகச் சொன்ன பாலிடெக்னிக்கின் கதையைப் பாருங்கள். 1941ல் காஷ்மீரி கேட்டில் 'தில்லி பாலிடெக்னிக்' தொடங்கப்பட்டது. அதுதான் பின்னாளில் தில்லி பொறியியற் கல்லூரி ஆயிற்று. 2009ல் தில்லி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இன்று நம்மவர்கள் பிள்ளைக்கு அங்கே ஓர் இடம் கிடைக்காதா என்று ஏங்குகிறோமே, அதன் வேர் ஒரு பாலிடெக்னிக்!

1960களில் ஓக்லா, பூசா, மகாராணி பாக் என்று மேலும் சில பாலிடெக்னிக்குகள் வந்தன. மகாராணி பாக்கில் இருந்தது பெண்களுக்கானது. 2013ல் சிங்கப்பூரின் தொழிற்கல்வி நிறுவனத்தோடு சேர்ந்து விவேக் விஹாரில் ஒரு திறன் மையம் திறக்கப்பட்டது. இப்படிச் சிதறிக் கிடந்தவற்றை ஒரே குடைக்குள் கொண்டுவர 2019ல் தில்லி சட்டமன்றம் சட்டம் இயற்றியது. 2020ல் பிறந்தது தில்லி திறன் மற்றும் தொழில்முனைவோர் பல்கலைக்கழகம். ஐ.ஐ.எம். அகமதாபாத்தில் பேராசிரியராக இருந்த நிஹாரிகா வோஹ்ரா அதன் முதல் துணைவேந்தர். தலைமையிடம் துவாரகா 9வது செக்டார்.

ஒரே பெரிய வளாகமாக இல்லாமல் நகரெங்கும் பரவியிருப்பதுதான் இதன் வசதி. திரிலோக்புரிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சகர்பூர் கிட்ட. கரோல் பாக்காரர்களுக்குப் பூசா. பழைய பாலிடெக்னிக்குகளின் பட்டறைகளும் ஆய்வுக்கூடங்களும் இதன் சொத்து. ஓக்லா வளாகத்துக்கோ தொழிற்பேட்டையே அண்டை வீடு.

பத்தாவது முடித்தவர் மூன்றாண்டு டிப்ளமோ படிக்கலாம். பிளஸ் டூ முடித்தவருக்குப் பட்டப்படிப்பு உண்டு. மருத்துவப் பரிசோதனைக்கூடத் தொழில்நுட்பம், சில்லறை வணிக மேலாண்மை போன்ற புதுப் பாடங்களும் இங்கே அறிமுகமாயின. சில்லறை வணிகப் படிப்பின் அமைப்பே தனி: வாரத்தில் சில நாள் வகுப்பு, சில நாள் உதவித்தொகையோடு கடையில் நேரடிப் பயிற்சி. பி.டெக். சேர ஜே.இ.இ. மெயின் எழுத வேண்டும். டிப்ளமோ முடித்தவர் பி.டெக். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழி நாடெங்கும் உண்டு. ஆகவே பாலிடெக்னிக் முட்டுச்சந்து அல்ல.

இனி நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய விஷயம். இங்கே 85 சதவீத இடங்கள் தில்லி மாணவர்களுக்கு. 'தில்லி மாணவர்' என்றால் யார்? தகுதித் தேர்வைத் தில்லி எல்லைக்குள் இருக்கும் பள்ளியில் எழுதியவர். தாய்மொழியோ சொந்த ஊரோ கேள்வி இல்லை. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகள் தில்லி மாணவர்களே. ஆனால் வாடகை குறைவு என்று நொய்டாவுக்கோ ஃபரிதாபாத்துக்கோ குடிபோய்ப் பள்ளியையும் மாற்றிவிட்டால், அந்தப் பிள்ளை மிச்சமுள்ள 15 சதவீதத்தில்தான் போட்டியிட வேண்டும். வீடு மாறும்முன் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

பணத்துக்கு என்ன செய்வது? பத்தாவதோ பிளஸ் டூவோ தில்லியில் முடித்தவர்களுக்கு ஈடு இல்லாமல் 10 லட்சம் ரூபாய் வரை வங்கிக் கடன் கிடைக்க, தில்லி அரசு 2015ல் உத்தரவாதத் திட்டம் தொடங்கியது. பட்டப்படிப்புக் கட்டணத்துக்கு 2017ல் இன்னொரு திட்டம் வந்தது. உணவுப் பாதுகாப்பு ரேஷன் அட்டை உள்ள குடும்பத்துக்கு முழுத்தொகை, ஆண்டு வருமானம் 2.5 லட்சம் வரை பாதி, 6 லட்சம் வரை கால் பங்கு என்று வகுத்தார்கள். 60 சதவீத மதிப்பெண்ணும் வேண்டும் என்றார்கள். இத்தகைய விதிகளும் சேர்க்கை முறையும் ஆண்டுக்காண்டு மாறக்கூடியவை. அந்தந்த ஆண்டின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். ரேஷன் அட்டை, வருமானச் சான்று இரண்டையும் முன்கூட்டியே தயாராக வையுங்கள். கடைசி வாரத்தில் ஓடினால் கைக்கு வராது.

சென்ற ஆண்டு அதே விழுப்புரத்துக்காரர், அதே மலை மந்திர் படியில் மறுபடியும் கிடைத்தார். கடைக்குட்டி மகள் பத்தாவது முடித்திருக்கிறாள். "இவளுக்கு என்ன சார் பண்ணலாம்?" என்றார். இந்த முறை நான் பதில் சொல்லவில்லை. "உனக்கு என்னம்மா பிடிக்கும்?" என்று அவளைக் கேட்டேன். அவள் சொன்னாள். மறுநாள் மூவருமாகக் கையேட்டை விரித்து உட்கார்ந்தோம்.