மாங்குளத்தில் ஒரு காணி

குளிர் நாட்டில் வாழ்பவனுக்கு வெயில் ஒரு செல்வம். இங்கிலாந்திலே உழைத்து ஓய்வுபெற்றோர் பல்லாயிரவர் ஸ்பெயின் தேசத்துத் தென்கடற்கரையை நாடிச் சென்று வீடு வாங்கினர். அவ்வாறே இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம்மவரும் ஊர் வெயிலை நினைந்து வன்னியிலே காணி தேடுகின்றனர். அவர்கள் கண்ணிற் படும் இடங்களுள் மாங்குளமும் ஒன்று.

அதற்குக் காரணம் உண்டு. கண்டி-யாழ்ப்பாண நெடுஞ்சாலையிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரிவது இங்கேதான். போரினால் 1990இல் நின்றுபோன புகையிரதமும், 2013 செப்டெம்பரில் மீண்டும் மாங்குளத்தைக் கடந்து கிளிநொச்சி வரை ஓடலாயிற்று. வீதியும் புகையிரதமும் கூடும் இடத்திலே காணிக்கு விருப்பம் ஏறுவது இயல்பே.

காணி பார்க்கச் செல்வோர் கிணற்றை எட்டிப் பார்ப்பர்; மாமரத்தை அண்ணாந்து பார்ப்பர். முதலிற் பார்க்கவேண்டியது கடதாசியையே என்போம் நாம். ஸ்பெயினில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். அல்மேரியா மாகாணத்து வேரா என்னும் ஊரிலே, ஓய்வுகாலத்துக்கென்று ஆங்கிலேயத் தம்பதியர் கட்டிய வீடு 2008 ஜனவரியில் இடிக்கப்பட்டது. ஊர்ச்சபை கொடுத்த அனுமதியைப் பிராந்திய அரசு செல்லாதெனக் கொண்டமையே காரணம். கையில் அனுமதி இருந்தும் வீடு நிற்கவில்லை.

நம் வன்னியிலே இதனினும் நுட்பமான ஒரு சிக்கல் உண்டு. இங்குள்ள காணியெல்லாம் ஒரே வகையின அல்ல. உறுதி முடித்து விற்கத்தக்க தனியார் காணி ஒரு வகை. அரசு பயிர்ச்செய்கைக்கும் குடியிருப்புக்கும் அனுமதிப்பத்திரத்தின் பேரிற் கொடுத்த காணி மற்றொரு வகை. அளிப்புப் பத்திரம் பெற்ற காணி மூன்றாம் வகை. வேலியைப் பார்த்து இவற்றை வேறு பிரித்தறிய ஒருவராலும் இயலாது.

அனுமதிப்பத்திரக் காணிக்கு வேர், டி. எஸ். சேனநாயக்கா காணி அமைச்சராயிருந்த காலத்தில், 1935இல், இயற்றப்பட்ட காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். ஏழைக் குடியானவன் பணமுடைக்கு நிலத்தை விற்றுவிட்டு நடுத்தெருவில் நிற்றலாகாது என்பதே அதன் உட்கருத்து. ஆதலின் அத்தகைய காணியை உரியவன் தன் விருப்பப்படி விற்க இயலாது. சட்டத்துக்கு மாறான விற்பனை செல்லாது.

இதை அறியாமலோ, அறிந்தும் அறியாதார்போலவோ, வெறுந்தாளில் உடன்படிக்கை எழுதிப் பணத்தைக் கைமாற்றுவாருமுளர். வாங்கியவரிடம் எஞ்சுவது தாள். விற்றவரிடம் சில மாதச் செலவுக்குப் பணம். இருவரும் இழக்கின்றனர். போரிலே ஊரூராய் இடம்பெயர்ந்து, 2009க்குப் பின் மீண்டு வந்த ஒரு குடும்பத்துக்கு அந்த மேட்டுக்காணிதான் கடைசிப் பிடிமானமெனின், அதை நம் பணம் பிடுங்கலாமா? இக்கேள்வி சட்டத்துக்கு மேற்பட்டது.

தனியார் காணியாயினும் அவசரம் ஆகாது. உறுதியைக் காணிப் பதிவகத்திலுள்ள பதிவோடு நொத்தாரிசைக் கொண்டு ஒப்புநோக்கவேண்டும். பிரதேச செயலகத்திலும் கிராம அலுவலரிடமும் விசாரிக்கவேண்டும். நில அளவையாளரைக் கொண்டு எல்லை காணவேண்டும். அங்கே குடியிருப்பவர் யார் என்று கேட்கவேண்டும். பத்தாண்டுக்கு மேல் தடையின்றி எதிருரிமையோடு ஆண்டவருக்குச் சட்டம் உரிமை வழங்கக்கூடும்.

ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், தொகுக்கப்பட்ட தேசவழமையும் இன்றும் உயிருடன் இருக்கிறது. அதற்குட்பட்ட மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பங்காளிக்கும் உரித்தாளிக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அதை 1947இல் ஒரு தனிச் சட்டம் வகுத்துரைத்தது.

கடல் கடந்தவர்க்கு மற்றுமொன்று. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி, வெளிநாட்டுப் பிரஜை இலங்கையிற் காணியைச் சொந்தமாக வாங்குதல் பொதுவாகத் தடுக்கப்பட்டுள்ளது. இரட்டைப் பிரஜாவுரிமை உடையவருக்கு அத்தடை இல்லை. உடன்பிறந்தார் பேரில் வாங்கிவிடலாம் என்று எண்ணுவோர், அண்ணன் தம்பி உறவைக் காணிக்கு ஈடுவைக்கின்றோம் என்பதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

வெயில் எங்கும் போய்விடாது. அடுத்த ஆண்டும் மாங்குளத்திற் காயும். ஆறுமாதம் பொறுத்துக் கடதாசியைத் தேர்ந்தவர், பேரப்பிள்ளைகளை அழைத்து வந்து தம் கிணற்றடியில் அச்சமின்றிக் குளிப்பாட்டலாம்.