வரச்சொன்னவர் வரவில்லை

சென்ற ஆண்டு சிங்கப்பூரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இரண்டு வெள்ளை இளைஞர்களைக் கண்டேன். கறையற்ற வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை. அவர்களிடம் பேச வரச்சொன்னவர் வரவில்லை. நானோ பொழுது போகாமல் அமர்ந்திருந்த முதியவன். பேச்சு தொடங்க வேறென்ன வேண்டும்?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த மார்மன் சமயப் பணியாளர்கள் அவர்கள். 1830இல் ஜோசப் ஸ்மித் நிறுவிய அச்சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. பதினெட்டு வயது நிறைந்த ஆண்கள் இரண்டு ஆண்டுகளும், பெண்கள் பதினெட்டு மாதங்களும் இப்பணிக்குச் செல்வது வழக்கம். எந்த நாடு என்பதைச் சபையே முடிவு செய்யும். ஊதியம் கிடையாது, செலவைத் தாமோ குடும்பத்தாரோதான் பெரும்பாலும் ஏற்க வேண்டும். எப்போதும் இருவராகவே செல்ல வேண்டும். அந்த இணையரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. 2019 வரை வீட்டாரோடு தொலைபேசியில் பேச ஆண்டுக்கு இருமுறைதான் அனுமதி. இப்போது வாரம் ஒருமுறை பேசலாம்.

‘எத்தனை பேரைச் சேர்த்தீர்கள்?’ என்று கேட்டேன். மூத்தவன் தயங்கினான். ஓராண்டுக்கு மேலாகியும் தன்னால் ஒருவரும் ஞானஸ்நானம் பெறவில்லை என்றான். முதல் மாதங்களில் இரவில் அழுததையும் மறைக்கவில்லை. ஆனால், சீன மூதாட்டி ஒருவர் தன் மாண்டரின் உச்சரிப்பைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்ததையும், பிறகு வாரந்தோறும் அமரவைத்துத் திருத்தியதையும் சொன்னபோது அவன் முகமே மாறிவிட்டது. சமயத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்டதில்லையாம்.

என் ஊர் காஞ்சிபுரத்தை அடுத்த தென்னேரி என்றேன். ஊர் தெரியவில்லை, மதராஸ் என்றதும் தெரிந்தது. தங்கள் முன்னோர் அங்கே வந்ததுண்டு என்றான். ஊர் திரும்பியபின் தேடிப் படித்தேன், உண்மைதான்.

1852 ஆகஸ்டில் சால்ட் லேக் சிட்டியில் கூடிய மாநாட்டில் நூறு பேரளவில் உலகின் பல பகுதிகளுக்கு அனுப்பப்பட்டனர். இந்தியாவுக்கென நியமிக்கப்பட்டவர்களுள் ஒருவர் ஸ்காட்லாந்தில் பிறந்த ரிச்சர்ட் பாலன்டைன். மார்மன் சபையின் முதல் ஞாயிறு பள்ளியை 1849இல் தம் வீட்டில் தொடங்கியவர். மனைவியையும் குழந்தைகளையும் விட்டுவிட்டுக் கப்பலேறிக் கல்கத்தா வழியாக, இரு தோழர்களுடன் 1853 ஜூலையில் சென்னை வந்து சேர்ந்தார். அதே மாநாட்டில்தான் அச்சபை தன் பலதார மண வழக்கத்தை உலகறிய அறிவித்திருந்தது. அச்செய்தி அவர்களுக்கு முன்பே பத்திரிகைகள் வழியே இங்கு வந்துவிட்டது. எந்தக் கதவைத் தட்டினாலும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருந்திருக்கும்!

அவர்கள் நாடியது பெரும்பாலும் ஆங்கிலேயர்களையும் படைவீரர்களையும்தான். துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டார்கள். ஆங்கிலத்தில் ஓர் இதழும் நடத்தினார்கள். சபையில் சேர்ந்தவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். உடல்நலம் குன்றிய பாலன்டைன் 1854இல் கப்பலேறிவிட்டார். இந்த ஓராண்டின் சுவடு சென்னையில் ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பலதார மணமும் பகையும் மட்டும் அதற்குக் காரணம் என்று நான் கருதவில்லை. தமிழர் நடுவே வாழ்ந்தும் தமிழுக்குள் அவர்கள் நுழையவில்லை.

இதே கடற்கரையில் அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பு இறங்கிய சீகன்பால்குவுக்கும் தோல்விகள் குறைவில்லை. 1706இல் தரங்கம்பாடிக்கு அவரை அனுப்பியவர் டென்மார்க் மன்னர். ஆனால் அங்கிருந்த டேனியத் தளபதியே அவரை 1708இன் இறுதியில் சிறையில் அடைத்தார். நான்கு மாதம் உள்ளே கிடந்தார். அவருக்கென அச்சு இயந்திரம் ஏற்றிவந்த கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். மீண்டு புறப்பட்டபின், உடன்வந்த அச்சுத் தொழிலாளி கரை காணாமலே இறந்தார். இத்தனைக்கும் நடுவே அவர் செய்தது, திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகியது. தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது.

அவருக்கு நேர்ந்த பெருந்துயரமாக நான் எண்ணுவது சிறைவாசத்தை அன்று. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி, மக்களிடமே கேட்டுத் தெரிந்து, 1713இல் ஒரு நூல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். அவருடைய மேலோர் அதை அச்சிட மறுத்துவிட்டனர். இந்தச் சமயத்தை அகற்றத்தானே அனுப்பினோம், அதை ஐரோப்பாவுக்கு விளக்கவா என்பது அவர்கள் எண்ணம். 1719இல், முப்பத்தாறு வயதில் அவர் இறந்தார். நூல் வெளிவந்தது 1867இல், சென்னையில். இன்று தமிழகச் சமய வரலாற்றை ஆராய்வோர் தேடிப் படிக்கும் ஏடுகளுள் அதுவும் ஒன்று.

மதம் மாற்றுவதையே நோக்கமாகக் கொண்ட பயணங்கள் எனக்கு உவப்பானவை அல்ல. அந்த இளைஞர்களிடமும் அதை மறைக்கவில்லை. ஆனால் காஞ்சியைச் சேர்ந்தவன் இதை முழு மனத்தோடு சொல்ல முடியாது. போதிதர்மர் காஞ்சியிலிருந்து சீனம் சென்றவர் என்பது நம் மரபு. அரசர் வூ அவரைப் புரிந்துகொள்ளாமல் அனுப்பிவிட்டார் என்றும், அவர் ஒன்பது ஆண்டுகள் ஒரு சுவரைப் பார்த்து அமர்ந்திருந்தார் என்றும் சீனர் கதை சொல்வர். வரலாறா புனைவா என்பது ஒருபுறம் இருக்கட்டும். மூடிய கதவு நம் ஊர்க்காரருக்கும் புதிதன்று.

இதை அவர்களிடம் சொன்னேன். ஒன்பது ஆண்டா என்று இளையவன் வாய்பிளந்தான். தனக்கு இன்னும் ஏழு மாதம்தான் பாக்கி என்றான். மூத்தவன் சிரிக்கவில்லை. தமிழில் ‘போய் வருகிறேன்’ என்பதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டான். மூன்று முறை சொல்லிக் கொடுத்தேன். ‘ழ’கரம் இல்லாத தொடர்தான், ஆனாலும் ‘கிறேன்’ அவன் நாக்கில் வழுக்கியது. நானும் அந்தச் சீன மூதாட்டியைப் போலவே சிரித்துவிட்டேன்.

ஒரு மணி நேரமாகியும் வரச்சொன்னவர் வரவில்லை. இருவரும் எழுந்து, கைப்பேசியில் அடுத்த முகவரியைப் பார்த்தபடி பேருந்து நிறுத்தம் நோக்கி நடந்தார்கள்.