கல்லும் கல்பும்



அண்மையில் பாலக்கரையில் ஜும்ஆத் தொழுகை முடிந்தபின் ஒரு சகோதரர் என்னருகே வந்தமர்ந்தார். வியாபாரத்தில் நொடித்துப் போனவர். "ஹஜ்ரத்! ராசிக்கல் மோதிரம் அணிந்தால் பணமுடை தீரும் என்கிறார்கள். மனைவியின் வளையலை விற்று வாங்க எண்ணியிருக்கிறேன். கல்லுக்குச் சக்தி இல்லையென்றால் ஹாஜிகள் ஹஜருல் அஸ்வதை முத்தமிடுவது எதற்காக?" என்று வினவினார். இவ்வினா அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று.

மனிதன் மறைகிறான், கல் நிலைக்கிறது. ஆதலால் உலக சமுதாயங்கள் பலவும் தம் நினைவுகளைக் கல்லிடம் ஒப்படைத்துள்ளன. நம் தமிழகத்தில் போரில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டினர். ஸ்காட்லாந்து மன்னர்கள் அமர்ந்து முடிசூடிய கல்லை 1296-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் எட்வர்ட் கவர்ந்து சென்றார். அது 1996-இல்தான் தாயகம் திரும்பியது. நினைவுக்காகப் போற்றுவது வேறு. நன்மை தீமை அதனால் விளையுமென நம்புவது வேறு. இஸ்லாம் கோடு கிழிப்பது இவ்விடத்தில்தான்.

ஹஜருல் அஸ்வத் சுவனத்திலிருந்து பாலினும் வெண்மையாய் இறங்கியதென்றும், மாந்தரின் பாவங்களே அதனைக் கறுக்கச் செய்தனவென்றும் திர்மிதீ நூலில் நபிமொழி உண்டு. கஃபாவை ஏழு முறை வலம்வரும் தவாஃப் அம்மூலையிலிருந்தே தொடங்குகிறது. ஆயினும் உமர் (ரலி) அவர்கள் அதன் முன் நின்று, அது நன்மையோ தீமையோ செய்ய இயலாத கல்லே என்றும், நாயகம் (ஸல்) அவர்கள் முத்தமிடக் கண்டதனாலேயே தாமும் முத்தமிடுவதாகவும் பகர்ந்தார்கள். நெரிசலில் பிறரை இடித்துத் தள்ளாது, தூர நின்று கையால் சைகை செய்தாலும் போதுமென்பது மார்க்கச் சட்டம். முத்தம் கல்லுக்கன்று, நபிவழிக்கு நாம் காட்டும் பணிவு அது.

வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. ஹிஜ்ரி 317-இல் (கி.பி. 930) கராமிதா கூட்டத்தார் ஹாஜிகளைக் கொன்று குவித்து, அக்கல்லைப் பெயர்த்துக் கிழக்கு அரேபியாவுக்குக் கொண்டு சென்றனர். ஹிஜ்ரி 339-இல்தான் அது மீண்டது. கல் இல்லாத அந்த இருபத்திரண்டு ஆண்டுகளிலும் கஃபா கஃபாவாகவே இருந்தது. தொழுகையின் திசை மாறவில்லை.

"நாயகமே மோதிரம் அணிந்தார்களே!" எனலாம். ஆம், வெள்ளி மோதிரம் அணிந்தார்கள். அரசர்களுக்கு விடுத்த கடிதங்களில் முத்திரையிட அது பயன்பட்டது. பின்னர் உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் அது அரீஸ் கிணற்றில் விழுந்து, மூன்று நாட்கள் தேடியும் கிட்டாமற் போயிற்று. அழகுக்காக ஆடவர் வெள்ளி மோதிரம் அணிவதற்குத் தடையில்லை. விதியை மாற்றுமென நம்பி அணிவதே பிழை.

நம் ஊரையே நோக்குங்கள். திருச்சியும் சுற்றியுள்ள சிற்றூர்களும் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டுவதில் பெயர் பெற்றவை. சிவப்பும் பச்சையும் வெள்ளையுமாய் நாள் முழுதும் கற்களைத் தொட்டுத் தேய்த்த கைகளில் செல்வம் குவிந்ததா? இயந்திரத்தில் தீட்டிய வெளிநாட்டுக் கற்கள் சந்தையை நிறைத்தபோது அத்தொழில் நலிந்தது. தம்மைத் தீட்டியவர்களைக் கற்கள் காக்கவில்லையே! "அவை செயற்கைதானே" என்பீர்களாயின், பூமியில் விளைந்த கல்லும் அல்லாஹ்வின் படைப்பே. படைப்பு படைப்பின் விதியை எழுதுவதில்லை.

அச்சகோதரரிடம் கூறினேன்: "அந்த வளையல் உங்கள் மனைவியின் உடைமை. அவர் மனமுவந்து தந்தாலன்றி அதில் உங்களுக்கு உரிமையில்லை. தருவாராயின் கடனை அடையுங்கள். அல்லது சிறு தொழிலுக்கு முதலாக்குங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன நபியின் உம்மத் நாம்."

கற்களுள் பிளந்து நீர் சுரப்பவை உண்டு. இறையச்சத்தால் உருண்டு விழுபவையும் உண்டு. ஆயின் சில உள்ளங்களோ கல்லினும் கடினமானவை என அல்பகரா அத்தியாயத்தின் 74-ஆம் வசனம் இடித்துரைக்கிறது. ஆகவே விரலுக்கு எந்தக் கல் பொருந்துமெனத் தேடுவதை விடுத்து, நம் கல்பு கல்லாகிவிட்டதா எனத் தேடுவோம். அல்லாஹ் நம் உள்ளங்களை இளகச் செய்வானாக! ஆமீன்.