எட்டாம் வகுப்போடு முடியும் பள்ளியும் ஏழரை விழுக்காடும்

பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க இன்னும் சில நாள்களே இருக்கின்றன. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கடிதங்கள் ஒன்றையே கேட்கின்றன: தமிழ்நாட்டின் விண்வெளித் தொழில் கொள்கையில் நம் விருதுநகர் மாவட்டம் இருக்கிறதே, பிள்ளையின் படிப்புக்கு அரசு பணம் கட்டுமா?

அந்தக் கொள்கையின் பேரில் கட்டாது. 2025 ஏப்ரலில் அமைச்சரவை ஒப்புதலை அறிவித்த அப்போதைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு, திருச்சுழித் தொகுதிக்காரர். எதிர்பார்ப்பு கூடியதில் வியப்பில்லை. ஆனால் அதிலுள்ள சம்பள மானியம் (முதலாண்டு 30 விழுக்காடு, பிறகு 20, 10) ஆய்வுப் பணிக்கு ஆளெடுக்கும் நிறுவனங்களுக்கு. விருதுநகர் இடம்பெற்ற ‘ஸ்பேஸ் பே’ எனும் விண்வெளித் தொழில் பகுதிகளின் பட்டியல் முதலீட்டாளருக்கு. 10,000 வேலை என்பது இலக்கு மட்டுமே.

மாணவருக்கான பணம், அரசுப் பள்ளி மாணவருக்கான 2021-இன் சட்டம் தரும் 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டோடு வருகிறது. அனுசாட் செயற்கைக்கோள் உருவான குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அந்த ஒதுக்கீட்டில் ஏரோநாட்டிகல் இடம் கிடைத்தால், கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசுடையவை.

நிபந்தனை ஒன்றுதான்: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. நகராட்சி, ஆதிதிராவிடர் நல, கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் சேரும். அரசு உதவிபெறும் பள்ளி சேராது. அங்கேயும் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அரசுதான். கரிசல் கிராமத்தில் நடுநிலைப் பள்ளி எட்டோடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்புக்குப் பேருந்து ஏறும் பிள்ளை, அருப்புக்கோட்டையில் உறவின்முறைச் சங்கம் நடத்தும் உதவிபெறும் பள்ளியில் இறங்கினால் உரிமை போயிற்று. கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவருக்கோ உரிமை உண்டு. காலை உணவும் புதுமைப்பெண் திட்டமும் உதவிபெறும் பள்ளிகளுக்கு நீட்டிக்கப்பட்டன; அந்தப் பிள்ளைகளும் ஏழைகள் என்பது அரசுக்குத் தெரியும். அப்படியிருக்க, அங்கே படித்த தறிக்காரர் மகனை இந்த ஒதுக்கீட்டில் மட்டும் விலக்குவதற்கு நியாயம் எனக்குப் புலப்படவில்லை.

உதவிபெறும் பள்ளியில் படித்தவருக்கு என்ன வழி? குடும்பத்தில் பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சலுகை. விடுதிச் செலவு அதில் வராது.

திருவனந்தபுரத்தின் விண்வெளிக் கல்வி நிறுவனமான ஐ.ஐ.எஸ்.டி.? ஜே.இ.இ. அட்வான்ஸ்டு வழியாக மட்டும்.

இப்போது எட்டாவது முடித்த பிள்ளை? மாற்றுச் சான்றிதழை எந்தப் பள்ளியில் கொடுப்பது என்பதை இந்த மாதமே முடிவு செய்யுங்கள்.