படக்கதைக்கும் உரை உண்டு!

"படக்கதைப் புத்தகமா? அதை மூலையில் போட்டுவிட்டுப் பாடப் புத்தகத்தை எடு!"

மாலை வேளையில் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் குரல் இது. பகலெல்லாம் வெயிலிலும் மழையிலும் உழைத்துவிட்டு வரும் பெற்றோருக்குப் பிள்ளையின் படிப்பைப் பற்றித்தான் கவலை. அந்தக் கவலையில் குற்றமே இல்லை. ஆனால், அன்பான பெற்றோர்களே, படக்கதை என்றாலே வீண் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாமா?

திருக்குறளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றே முக்கால் அடிதான். படித்துவிட அரை நிமிடம் போதும். ஆனாலும் பரிமேலழகர் உரை எழுதினார். நம் காலத்தில் டாக்டர் மு.வ. தெளிவுரை எழுதினார். ஏன்? சொல்லுக்குப் பின்னால் இருக்கும் பொருளை ஒருவர் விளக்கிச் சொன்னால் குறளின் சுவை பன்மடங்காகிறது. உரை வந்ததால் குறள் சிறுத்துப் போய்விடவில்லை.

அதேபோல் படக்கதைகளுக்கும் உரை எழுதும் வழக்கம் மேல்நாடுகளில் இருக்கிறது. அதைத் துணைநூல் என்று சொல்லலாம். எந்தப் படத்தை எதைப் பார்த்து வரைந்தார், அந்தக் கதை எழுந்தபோது உலகில் என்ன நடந்தது, பின்னாளில் எதை மாற்றினார் என்று புத்தகம் புத்தகமாக அது விளக்கும். பெரும் புகழ் பெற்ற 'டின்டின்' வரிசையைக் கொண்டு இதைப் பார்ப்போம்.

யார் இந்த டின்டின்?

முன்னந்தலையில் ஒரு கொத்து முடி நிமிர்ந்து நிற்கும் இளம் நிருபன். கூடவே ஒரு வெள்ளை நாய்க்குட்டி. பெல்ஜியம் நாட்டில் ஒரு செய்தித்தாளின் சிறுவர் இணைப்பில் 1929 ஜனவரி 10-ஆம் நாள் இவன் பிறந்தான். வரைந்தவர் ஜார்ஜ் ரெமி. தம் பெயரின் முதல் எழுத்துகளைத் திருப்பிப் போட்டு, பிரெஞ்சு உச்சரிப்பில் 'எர்ஜே' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். முடிவு பெறாத கடைசிக் கதையையும் சேர்த்து மொத்தம் 24 புத்தகங்கள். 70-க்கும் மேற்பட்ட மொழிகளில் அவை வந்துள்ளன.

இவற்றுக்குப் பல துணைநூல்கள் உண்டு. 1975-இல் நுமா சடூல் என்பவர் எர்ஜேயுடன் நடத்திய நீண்ட உரையாடலை நூலாக்கினார். 1983-இல் பெனுவா பீட்டர்ஸ் ஒரு நூல் எழுதினார். ஆங்கிலத்தில் மைக்கேல் ஃபார் என்ற பத்திரிகையாளர் 2001-இல் 'முழுமையான துணைநூல்' ஒன்றை வெளியிட்டார். எர்ஜே வெட்டிச் சேர்த்து வைத்திருந்த செய்திப் படங்களை ஃபார் பார்த்து, அவற்றையும் எர்ஜேயின் ஓவியங்களையும் அருகருகே அச்சிட்டார்.

அதைப் பார்க்கும்போதுதான் நமக்கு வியப்பு உண்டாகிறது. கேப்டன் ஹேடாக் குடியிருக்கும் மாளிகை வெறும் கற்பனை அன்று. பிரான்ஸ் நாட்டில் செவெர்னி என்ற ஊரில் நிற்கும் அரண்மனையின் இரு பக்கப் பகுதிகளை நீக்கிவிட்டு எர்ஜே வரைந்தது அது. 1953, 1954 ஆண்டுகளில் வந்த சந்திரப் பயணக் கதைகளுக்காக அவர் ராக்கெட்டின் மாதிரி ஒன்றைச் செய்யச் சொல்லி, அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். மனிதன் உண்மையில் சந்திரனில் கால் வைத்தது 1969-இல்தான். ஒரு சிறுவர் கதைக்கு இத்தனை உழைப்பா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும். எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற பாடம் அதில் தானாகவே வந்து சேரும்.

கடைப் பலகையில் இருந்த செய்தி

'நீலத் தாமரை' என்ற கதையைப் பார்ப்போம். 1934, 1935 ஆண்டுகளில் தொடராக வந்தது. கதை நடப்பது சீனாவின் ஷாங்காய் நகரில்.

அதற்கு முன் எர்ஜே தாம் காணாத நாடுகளைக் கேள்விப்பட்ட கதைகளை வைத்தே வரைந்துவந்தார். சீனாவைப் பற்றி எழுதப் போகிறார் என்று தெரிந்ததும், சீன மாணவர்களைக் கவனித்துவந்த ஒரு பாதிரியார் கடிதம் எழுதினார். தவறாக எதையும் வரைந்து அந்த மாணவர்களின் மனத்தைப் புண்படுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் வழியாக 1934 மே மாதத்தில் எர்ஜேக்கு ஜாங் சோங்ரென் என்ற சீன இளைஞரின் அறிமுகம் கிடைத்தது. பிரஸ்ஸல்ஸ் ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர் அவர். இருவரும் 1907-இல் பிறந்தவர்கள். தம் நாட்டின் வரலாற்றையும் தூரிகை பிடிக்கும் முறையையும் ஜாங் கற்றுக்கொடுத்தார். கதையில் வரும் 'சாங்' என்ற சிறுவன் அவர் பெயரைத் தாங்கியவன்தான்.

அந்தப் புத்தகத்தின் தெருக் காட்சிகளில் கடைப் பலகைகளும் சுவரொட்டிகளும் நிறைய இருக்கும். எல்லாம் சீன எழுத்து. ஐரோப்பியப் பிள்ளைகள் அவற்றை வெறும் அலங்காரம் என்று நினைத்தார்கள். அவை ஜாங் எழுதிக் கொடுத்த உண்மையான வாசகங்கள் என்று துணைநூல் சொல்கிறது. சில விளம்பரங்கள், சில, ஆதிக்க நாடுகளை எதிர்ப்பவை. ஜப்பானியச் சரக்கை வாங்காதே என்று ஒரு சுவர் சொல்கிறது. நியாயமற்ற ஒப்பந்தங்களை ஒழிக்க வேண்டும் என்று இன்னொன்று சொல்கிறது.

இந்த இடத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. என் மாணவன் ஒருவன் அந்தப் பக்கத்தைச் சீனர் மளிகைக் கடைக்கு எடுத்துப் போனான். கடைக்கார முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பலகையையும் மலாய் மொழியில் பொருள் சொல்லிக் கொடுத்தாராம். பல இனத்தார் கூடி வாழும் நாட்டில் பக்கத்துக் கடைக்காரரே ஒரு துணைநூல்!

கதையில் ஒரு ரயில் பாதை வெடிவைத்துத் தகர்க்கப்படுகிறது. அதுவும் நடந்த நிகழ்ச்சிதான். 1931 செப்டம்பர் 18-ஆம் நாள், மஞ்சூரியாவில் முக்டன் நகருக்கு அருகே ஜப்பானியப் படையினரே தண்டவாளத்தில் வெடி வைத்துவிட்டுச் சீனர் மேல் பழி போட்டார்கள். அதையே சாக்காக வைத்து மஞ்சூரியாவைப் பிடித்தார்கள். அந்த ஜப்பானியப் படைதான் பத்து ஆண்டுகள் கழித்து, 1941 டிசம்பர் 8-ஆம் நாள், கோத்தா பாருவில் வந்து இறங்கியது. தோட்டங்களிலிருந்து நம்மவர்களைச் சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டுபோனதும் அதுதான். போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. சயாமுக்குப் போன பெரியவரின் கதை உங்கள் குடும்பத்தில் வழங்கிவந்தால், இந்தப் பக்கத்தைக் காட்டும்போது பிள்ளைக்கு அதையும் சொல்லுங்கள்.

சொல்லாமல் விட்டது

உரை எழுதுபவர் புகழ்ந்துகொண்டே போனால் அது உரையாகாது. குறையையும் சொல்ல வேண்டும். டின்டின் வரிசையில் அப்படிச் சொல்ல வேண்டிய புத்தகம் 'காங்கோவில் டின்டின்'. இது 1930, 1931 ஆண்டுகளில் தொடராக வந்தது. எர்ஜேக்கு அப்போது வயது 23. காங்கோ பெல்ஜியத்தின் கீழ் அடிமைப்பட்டிருந்த காலம். குடியேற்ற ஆட்சியின்மேல் பெல்ஜியப் பிள்ளைகளுக்குப் பற்று வரவேண்டும் என்பது பத்திரிகை ஆசிரியரின் எண்ணம். ஆகவே, அந்த மண்ணின் மக்கள் ஒன்றும் அறியாதவர்களாக, வெள்ளைக்காரன் சொன்னதைக் கேட்டு ஆடுபவர்களாகக் காட்டப்பட்டார்கள்.

ஓர் ஆசிரியை என்ற முறையில் என் மனத்தை உறுத்திய காட்சி ஒன்று. டின்டின் ஒரு வகுப்பறையில் பாடம் நடத்துகிறான். எதிரே கறுப்பினப் பிள்ளைகள். முதல் பதிப்பில், அவர்களுடைய தாய்நாடு பெல்ஜியம் என்று அவன் கற்பிக்கிறான். 1946-இல் வண்ணப் பதிப்புக்காகத் திருத்தி வரைந்தபோது எர்ஜே அதை நீக்கிவிட்டுக் கூட்டல் கணக்காக மாற்றினார். இரண்டாவது பதிப்பை மட்டும் பார்க்கும் பிள்ளைக்கு அது சாதாரணக் கணக்கு வகுப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டும்போதுதான், பிறர் நாட்டுப் பிள்ளைகளிடமிருந்து அவர்களுடைய நாட்டையே பறித்த பாடம் அது என்பது புரிகிறது.

படத்தில் இல்லாத செய்தி இன்னும் கொடியது. காங்கோ 1885 முதல் 1908 வரை பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் சொந்த உடைமையாக இருந்தது. அங்கே தோட்டம் போட்டு மரம் வளர்க்கவில்லை. காட்டில் படர்ந்த ரப்பர்க் கொடிகளிலிருந்து கிராமத்து மக்களே பால் எடுத்துவர வேண்டும். இவ்வளவு எடை என்று கணக்கு. பெண்களைப் பிணையாகப் பிடித்துவைத்து, ஆண்களைக் காட்டுக்குள் விரட்டினார்கள். கணக்குக் குறைந்த ஊர்களைப் படைவீரர்கள் சுட்டுப் பொசுக்கினார்கள். கைகளை வெட்டினார்கள். வெட்டுண்ட கைகளோடு நிற்கும் மக்களின் புகைப்படங்கள் வெளிவந்து உலகமே அதிர்ந்த பிறகுதான், 1908-இல் காங்கோ மன்னரிடமிருந்து பெல்ஜிய அரசின் கைக்கு மாறியது. இந்தக் கொடுமையைப் பற்றி டின்டின் புத்தகத்தில் ஒரு சொல்கூட இல்லை. ஆடம் ஹாக்ஷில்ட் 1998-இல் எழுதிய வரலாற்று நூலில் அது விரிவாக இருக்கிறது. துணைநூல் என்ற பெயர் அதற்கு இல்லை; ஆனால் காங்கோ கதைக்கு அதைவிடச் சரியான துணைநூல் வேறு இல்லை என்பேன்.

பால்மரக் காட்டில் இருள் பிரியுமுன் எழுந்துபோன பரம்பரை நம்முடையது. இன்று அந்த இடங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கலாம். ஆனாலும் ரப்பர்ப் பால் வாளியின் கனம் நமக்குத் தெரியும். நம் முன்னோரையும் 'கூலி' என்ற ஒரே சொல்லில் அடக்கிப் பேசிய துரைமார் இருந்தார்கள். ஆகவே, ஒரு படத்தை யார் வரைந்தார், யாருக்காக வரைந்தார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று கேட்க நம் பிள்ளைகள்தாம் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்தப் புத்தகத்தைத் தடை செய்ய வேண்டும் என்று காங்கோ நாட்டவர் ஒருவர் பெல்ஜியத்தில் வழக்குப் போட்டார். 2012-இல் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. ஆங்கிலத்தில் 2005-இல் வந்த வண்ணப் பதிப்பில் அந்தக் காலத்து மனப்போக்கை விளக்கும் முன்னுரை இருக்கிறது. தாம் வளர்ந்த சூழலின் தப்பெண்ணங்களையே அதில் வரைந்ததாக எர்ஜேயும் சடூலிடம் ஒப்புக்கொண்டார். புத்தகத்தைக் கொளுத்துவதைவிட, உண்மையைப் பக்கத்தில் எழுதி வைப்பதே மேல் என்பது என் கருத்து.

அந்த மனிதர் மாறினார் என்பதற்கும் சான்று இருக்கிறது. காங்கோ கதை முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகவில்லை. 'நீலத் தாமரை'யில் ரிக்‌ஷா இழுக்கும் ஏழைச் சீனரை ஒரு வெள்ளைக்காரன் அடிக்க, டின்டின் குறுக்கே வந்து தடுக்கிறான். ஒரு நல்ல நண்பர் கிடைத்ததால் வந்த மாற்றம் அது.

தொலைந்த நண்பர்

ஜாங் படிப்பை முடித்துச் சீனாவுக்குத் திரும்பினார். போர் வந்தது. தொடர்பு அறுந்துபோனது. 1958, 1959 ஆண்டுகளில் எர்ஜே 'திபெத்தில் டின்டின்' வரைந்தார். விமான விபத்தில் சாங் இறந்துவிட்டான் என்று எல்லாரும் சொல்ல, டின்டின் மட்டும் நம்பாமல் பனிமலை ஏறித் தேடுகிறான். அந்தக் கதையில் வில்லனே இல்லை. அப்போது எர்ஜே குடும்பத் துயரில் இருந்தார். எங்கும் வெள்ளையாகத் தெரியும் கெட்ட கனவுகள் அவரை வாட்டின. மனநல மருத்துவர் ஒருவர் வேலையை நிறுத்தச் சொன்னார். அவரோ கதையை முடித்தே தீருவேன் என்று முடித்தார். இதைத் தெரிந்துகொண்டு பாருங்கள்: பக்கம் பக்கமாக விரியும் வெண்பனி உங்களுக்கு வேறாகத் தெரியும். 1981-இல் இரு நண்பர்களும் பிரஸ்ஸல்ஸில் மீண்டும் சந்தித்தார்கள். இருவருக்கும் அப்போது வயது 73. இரண்டே ஆண்டுகளில், 1983 மார்ச் 3-ஆம் நாள், எர்ஜே காலமானார்.

நம் வீட்டிலேயே செய்யலாம்

இந்தத் துணைநூல்கள் ஆங்கிலத்தில் உள்ளவை, தடித்தவை, விலையும் கூடுதல். வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பட்டணத்து நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம். அவற்றின் வழிமுறையை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் கதையைப் பிள்ளை தன் விருப்பப்படி படித்துச் சிரிக்கட்டும். விளக்கம் பிறகுதான். சாப்பிடும் முன்பே சமையல் குறிப்பு எதற்கு?

இரண்டாம் முறை படிக்கும்போது, புத்தகம் முதலில் வந்த ஆண்டைப் பார்த்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். கதை நடக்கும் ஊரைத் தேசப்படத்தில் தேடச் சொல்லுங்கள். டின்டின் கதை ஒன்றில் ஜகார்த்தா விமான நிலையமே வருகிறது. நம் பக்கத்து ஊர்தான்!

அடுத்து, ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி: இந்தப் பொருள் உண்மையில் உண்டா? இந்த மக்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னால் இப்படித்தான் சொல்வார்களா? பதிலைப் பெரியவர்களிடமும், அயலாரிடமும், நூலகத்திலும் தேடட்டும்.

நம் நாட்டுக் கதையிலேயே தொடங்க விரும்பினால், லாட் 1979-இல் வெளியிட்ட 'கம்போங் பாய்' இருக்கிறது. பேராவில் வளர்ந்த ஒரு மலாய்ச் சிறுவனின் வாழ்க்கை அது. ஈயம் தோண்டும் கப்பல் அதில் வருகிறது. கிந்தா வட்டாரத்தில் வாழ்ந்த பெரியவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அந்தக் கப்பல் எப்படி வேலை செய்தது, அதன் சத்தம் எவ்வளவு தூரம் கேட்டது என்று சொல்லிவிடுவார். பிள்ளை அதை எழுதிக்கொண்டால் அதுவே ஒரு துணைநூலின் முதல் பக்கம்.

நம் தாத்தா பாட்டிகளில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் எந்தப் புத்தகத்திலும் இல்லாத உரை அவர்களிடம் இருக்கிறது. நாள் கடந்தால் அது அவர்களோடு போய்விடும். ஆகையால், அடுத்த முறை பிள்ளையின் கையில் படக்கதையைக் கண்டால் பிடுங்காதீர்கள். பாட்டியின் பக்கத்தில் உட்காரவைத்து, "இந்தப் படத்தைப் பற்றிப் பாட்டியிடம் கேள்" என்று சொல்லிப் பாருங்கள்.